லினக்ஸ் டெஸ்க்டாப்பில் ரிமோட் பொத்தான்களை நம் இஷ்டத்துக்கு அமைப்பது: முழுமையான வழிகாட்டி

ரிமோட்டை அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை என்றதும் புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலானோர் நேராக மீடியா பிளேயரின் செட்டிங்ஸில் போய்க் கை வைக்கிறார்கள். அங்கேதான் சிக்கலே தொடங்குகிறது. ரிமோட்டிலிருந்து கிளம்பும் ஒளி பிளேயருக்கு ஒரு கட்டளையாகப் போய்ச் சேர்வதற்குள் பல கட்டங்களைத் தாண்டுகிறது. ரிசீவர் ஒளித்துடிப்பைப் பிடிக்கிறது, டிரைவர் அதை ஒரு எண்ணாக மாற்றுகிறது (இதுதான் ஸ்கேன்கோடு), கர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) இருக்கும் ஒரு அட்டவணை அந்த எண்ணை ஒரு கீயாக மாற்றுகிறது, அந்தக் கீ டெஸ்க்டாப்புக்குப் போகிறது, கடைசியில்தான் பிளேயர். கீழே இருக்கும் கட்டம் சரியாகாமல் மேலே எதைத் திருத்தினாலும் பலன் இல்லை, அதோடு எது உடைந்திருக்கிறது என்பதும் தெரியாமல் போய்விடும். அதனால் இந்த வழிகாட்டியின் வரிசையை மாற்றாதீர்கள். ஒரு படி சரி என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

கட்டளைப் பெயர்களையும் ஃபைல் பெயர்களையும் உச்சரிப்புப்படியே தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடியுங்கள், நான் பெரிய எழுத்து என்று சொல்லும் இடம் தவிர மற்ற கட்டளைகள் எல்லாம் சிறிய எழுத்து.

1. முன்கூட்டியே தயாராக வைக்க வேண்டியவை

ஒரு ரிசீவர், ஒரு ரிமோட், ரிமோட்டில் புது பேட்டரி. பேட்டரியைச் சும்மா சொல்லவில்லை. வலு குறைந்த பேட்டரியில் சில அமுக்கல்கள் போய்ச் சேரும், சில சேராது, அதை வைத்துக்கொண்டு அட்டவணையில் தப்பு தேடினால் நேரம்தான் வீண்.

ஐஆர்-கீடேபிள் என்ற கருவி வேண்டும். டெபியன், உபுண்டு இரண்டிலும் அதே பெயரில் தனிப் பேக்கேஜாகக் கிடைக்கும். ஃபெடோராவிலும் ஆர்ச்சிலும் வி4எல்-யூடில்ஸ் பேக்கேஜுக்குள்ளேயே இருக்கிறது. கூடவே ஈவ்டெஸ்ட் என்ற சிறிய கருவியையும் நிறுவிக்கொள்ளுங்கள்.

சாதாரண கீபோர்டு ஒன்று கட்டாயம் இணைந்திருக்க வேண்டும். சோதனையின் நடுவே ரிமோட் ஏடாகூடமாக ஏதாவது செய்தால் நிறுத்த வழி வேண்டும் அல்லவா.

ரிமோட் உண்மையிலேயே ஒளி விடுகிறதா என்று பார்க்க ஃபோன் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை லென்ஸ் பக்கம் நீட்டி ஒரு பொத்தானை அமுக்குங்கள். திரையில் ஊதாவாகவோ வெள்ளையாகவோ ஒரு மினுக்கல் தெரியும். பல ஃபோன்களின் பின் கேமராவில் இன்ஃப்ராரெட்டைத் தடுக்கும் ஃபில்டர் இருப்பதால் தெரியாமல் போகலாம், அப்போது முன் கேமராவில் பாருங்கள்.

2. ரிசீவர் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பின்னால் அதிகம் திண்டாடுகிறார்கள், ஏனென்றால் ரிசீவர்கள் இரண்டு வகை, இரண்டுக்கும் வழி வேறு.

டெர்மினலில் சூடோ போட்டு ஐஆர்-கீடேபிள் என்று மட்டும் அடியுங்கள். ஆர்சி0, ஆர்சி1 என்ற பெயர்களில் சாதனங்கள் பட்டியலாக வந்தால் உங்களுடையது முதல் வகை: கர்னலே ஒளித்துடிப்பைப் புரிந்துகொள்கிறது. பட்டியலில் டிரைவரின் பெயர், இப்போது இருக்கும் கீமேப்பின் (எண்ணைக் கீயாக மாற்றும் அந்த அட்டவணை) பெயர், எந்தெந்தப் புரோட்டோகால்கள் இயங்குகின்றன என்பதெல்லாம் இருக்கும். டிரைவர் பெயரையும் கீமேப் பெயரையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள், 8-ஆம் படியில் தேவைப்படும்.

பட்டியலில் இரண்டு சாதனங்கள் தெரிந்தால் குழம்ப வேண்டாம். ஹெச்டிஎம்ஐ வழியாக டிவி ரிமோட்டை வாங்கிக்கொள்ளும் சிஇசி வசதி இருக்கிற கம்ப்யூட்டர்களில் அதுவும் ஒரு ஆர்சி சாதனமாகவே பதிவாகும். ஆர்சி0 என்றாலே நம் ரிசீவர்தான் என்று நினைத்துக்கொண்டு சிஇசி சாதனத்தில் அட்டவணையை ஏற்றிவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்பவர்கள் நிறைய. டிரைவர் பெயரைப் பார்த்துத்தான் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கீழே எல்லா இடத்திலும் ஆர்சி0 என்றே எழுதுகிறேன், உங்களுக்கு எது வருகிறதோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பட்டியலில் ரிசீவரே இல்லை, ஆனால் ரிமோட்டின் சில பொத்தான்கள் மட்டும் எப்படியோ வேலை செய்கின்றன என்றால் உங்களுடையது இரண்டாம் வகை. அந்த யூஎஸ்பி ரிசீவர் தன்னைக் கீபோர்டு என்றே கம்ப்யூட்டரிடம் சொல்லிக்கொள்கிறது. நேராக 10-ஆம் படிக்குப் போங்கள், நடுவே 5-ஆம் படியை மட்டும் படித்துவிடுங்கள்.

3. புரோட்டோகாலைக் கண்டுபிடியுங்கள்

முதலில், ரிமோட் சிக்னலைப் படிக்கும் பழைய லிர்க் சேவை ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். சிஸ்டம்சிடிஎல் மூலம் லிர்க்டி சர்வீஸ், லிர்க்டி சாக்கெட் இரண்டையும் நிறுத்தி முடக்க வேண்டும். சாக்கெட்டை விட்டுவிட்டால் அது சர்வீஸை மறுபடி எழுப்பிவிடும். இப்போதைய கர்னல் தானே சிக்னலைப் பிரித்துப் படிப்பதால் சாதாரண வீட்டு உபயோகத்துக்கு லிர்க் தேவையே இல்லை, இரண்டும் சேர்ந்து ஓடினால் ஒரே அமுக்கல் இரண்டு வழியில் பிளேயருக்குப் போகும்.

இனி புரோட்டோகால். ஒவ்வொரு ரிமோட்டும் தனக்கென ஒரு முறையில் துடிப்புகளை அனுப்புகிறது. நெக் முறையில் 38 கிலோஹெர்ட்ஸ் அலையின் மேல் 9 மில்லிசெகண்ட் நீளத் துடிப்பு முதலில் வரும், அப்புறம் 32 பிட் தகவல். ஆர்சி-5, ஆர்சி-6 இரண்டும் 36 கிலோஹெர்ட்ஸ், சோனி 40. ரிசீவருக்கு எந்தப் புரோட்டோகால் இயக்கத்தில் இருக்கிறதோ அதை மட்டும்தான் கர்னல் பிரித்துப் படிக்கும். மற்றது எவ்வளவு பலமாக வந்தாலும் காதில் விழாது. புது ரிமோட் வாங்கி அமுக்கினால் முழு மௌனம் என்பதற்கு நான் பார்த்தவரையில் மிகச் சாதாரணமான காரணம் இதுதான்.

அதனால் தேடும்போது எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும். சூடோ, ஐஆர்-கீடேபிள், மைனஸ் எஸ் ஆர்சி0, மைனஸ் பி ஆல், மைனஸ் டி. இந்த வரிசையில் அடித்து என்டர் தட்டுங்கள். எஸ் (s) எந்தச் சாதனம் என்பதற்கு, பி (p) புரோட்டோகாலுக்கு, டி (t) சோதனைக்கு. இப்போது ஒரு பொத்தானை அமுக்கினால் புரோட்டோகாலின் பெயரும் ஸ்கேன்கோடும் திரையில் வர வேண்டும்.

வரவே இல்லை என்றால் ரிசீவருக்கு நேரே ஒரு முழ தூரத்தில் ரிமோட்டைப் பிடித்துப் பாருங்கள். கிட்டத்தில் வேலை செய்து தூரத்தில் செய்யவில்லை என்றால் அட்டவணையில் பிழை இல்லை, ரிசீவர் இருக்கும் இடம்தான் பிழை. கேபினட்டின் பின்பக்கம் செருகியிருப்பதை ஒரு யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் போட்டு முன்னால் கொண்டுவாருங்கள். நேரடி வெயில் படும் இடமும் ஆகாது.

பெயர் தெரிந்ததும் ஆல் என்று திறந்ததை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஆர்சி-5 மாதிரியான முறைகளில் வந்த தகவல் சரிதானா என்று சரிபார்க்கும் பிட்கள் கிடையாது, அறையின் வேறு ஒளி இரைச்சல்கூட எப்போதாவது ஒரு பொத்தானாகத் தெரிய வாய்ப்பு உண்டு. 6-ஆம் படியில் ஃபைல் எழுதும்போது தேவையான ஒன்றை மட்டும் வைப்போம்.

4. ஒவ்வொரு பொத்தானின் ஸ்கேன்கோடையும் எழுதுங்கள்

அதே சோதனை ஓடிக்கொண்டிருக்கும்போது ரிமோட்டின் இடது மேல் மூலையில் தொடங்கி வரிசையாக ஒவ்வொரு பொத்தானாக அமுக்கி, தாளில் பொத்தானின் பெயரையும் வரும் எண்ணையும் எழுதிக்கொண்டே வாருங்கள். வேண்டிய ஐந்தாறு பொத்தான்கள் போதும் என்று நினைப்பீர்கள். முழுசாக எழுதிவிடுங்கள், அப்புறம் ஒன்று சேர்க்க வேண்டும் என்றால் மறுபடி இதே வேலை.

பவர் பொத்தானைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருக்கும் கீமேப்பில் அது பவர் கீயாகப் பதிவாகியிருந்தால் கம்ப்யூட்டர் அங்கேயே அணைந்துவிடலாம். திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டு அமுக்குங்கள்.

சட்டென்று தட்டி விடுங்கள், அழுத்திப் பிடிக்க வேண்டாம். பிடித்தால் அதே எண் திரும்பத் திரும்ப வந்து திரை நிரம்பும். ஒரே பொத்தானை இரண்டு முறை தட்டி, இரண்டு முறையும் ஒரே எண் வருகிறதா என்றும் பாருங்கள். ஆர்சி-5, ஆர்சி-6 ரிமோட்டுகளில் டாகிள் என்று ஒரு குறி ஒரு தட்டு விட்டு ஒரு தட்டு வந்து போகும், அது புது அமுக்கலா பிடித்திருப்பதா என்று பிரித்துக் காட்டுவதற்கு. எண் மாறாத வரை கவலை இல்லை.

சில ரிமோட்டுகளில் ஒரு பொத்தானுக்கு ஒளியே வராது. டிவி, டிவிடி என்று மோடு மாற்றும் பொத்தான்கள் பல ரிமோட்டுக்குள்ளேயே வேலை செய்து முடித்துவிடும், வெளியே ஒன்றும் அனுப்பாது. அதை அடித்துவிட்டுப் போங்கள்.

5. எந்தப் பொத்தானுக்கு எந்தக் கீ

இந்த வழிகாட்டியில் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது. கர்னலில் ஓகே, சேனல் மேலே, சிவப்புப் பொத்தான் என்று ரிமோட்டுக்கே உரிய கீ பெயர்கள் இருக்கின்றன. பெயரைப் பார்த்தால் பொருத்தமாகத் தோன்றும், புதியவர்கள் அதையே எழுதுவார்கள், சோதனையில் அழகாகத் தெரியும், ஆனால் பிளேயரில் ஒன்றும் நடக்காது.

காரணம் எக்ஸ்11, அதாவது டெஸ்க்டாப்பின் திரையையும் கீபோர்டையும் கவனிக்கும் பழைய அமைப்பு. அங்கே கீ எண்கள் 8 முதல் 255 வரை மட்டும்தான், கர்னலின் எண்ணோடு 8 கூட்டித்தான் எக்ஸ்11 எடுத்துக்கொள்ளும். ஆக 247-க்கு மேல் போகும் எதுவும் அங்கே போய்ச் சேராது. கீ_ஓகே 352, கீ_ரெட் 398, கீ_சேனல்அப் 402, கீ_நியூமெரிக்_0 என்பது 512. எல்லாமே எல்லைக்கு வெளியே. அதன் இடத்துக்கு வந்த புது அமைப்பான வேலண்டில் இந்தக் கட்டுப்பாடு இல்லை என்றாலும், எக்ஸ்வேலண்ட் வழியாக ஓடும் பழைய செயலிகளுக்கு அதே கதைதான்.

அதனால் சாதாரணக் கீபோர்டில் இருக்கும் கீகளையே கொடுங்கள். ஓகே பொத்தானுக்கு கீ_என்டர், திரும்பிப் போக கீ_ஈஎஸ்சி அல்லது கீ_பேக்ஸ்பேஸ், சேனல் மேலும் கீழும் கீ_பேஜ்அப், கீ_பேஜ்டவுன், எண்களுக்கு கீ_1 முதல் கீ_0 வரை. ஒலிக்கு கீ_வால்யூம்அப், கீ_வால்யூம்டவுன், கீ_மியூட் மூன்றும் எல்லைக்குள்ளேயே இருக்கின்றன, டெஸ்க்டாப்பும் அவற்றைத் தானாகவே புரிந்துகொள்ளும்.

பெயரால் ஏமாற்றும் இன்னும் சில உண்டு. கீ_ஸ்டாப் என்பது பாட்டை நிறுத்தும் கீ இல்லை, டெஸ்க்டாப்பில் அது கேன்சல் என்று போய் விழும். பாட்டை நிறுத்த கீ_ஸ்டாப்சிடி போட வேண்டும். அடுத்த பாட்டுக்கு கீ_நெக்ஸ்ட் போட்டால் 407, எல்லை தாண்டிவிடும். கீ_நெக்ஸ்ட்சாங், கீ_ப்ரீவியஸ்சாங் என்பவைதான் சரி. ஓடவிடவும் நிறுத்திவைக்கவும் ஒரே பொத்தான் என்றால் கீ_ப்ளேபாஸ்.

ஒரு பொத்தானுக்கு ஒரு கீ மட்டும்தான் கொடுக்க முடியும். கன்ட்ரோலும் இன்னொரு எழுத்தும் சேர்ந்தது மாதிரி வேண்டுமென்றால் இந்த அட்டவணையில் நடக்காது. எஃப்13-க்கு மேல் இருக்கும், யாரும் பயன்படுத்தாத கீ ஒன்றைக் கொடுத்துவிட்டு, டெஸ்க்டாப்பின் ஷார்ட்கட் அமைப்பில் அதைப் பிடித்து வேண்டிய கட்டளையோடு கட்டுங்கள். ஷார்ட்கட் அமைப்பில் அந்தக் கீ வேறு பெயரில் தெரியலாம், வேலை செய்வதில் குறை இருக்காது.

பவர் பொத்தானை என்ன செய்வது என்பது உங்கள் விருப்பம். என் கருத்து, அதற்கு கீ_ஸ்லீப் கொடுங்கள். தப்பித் தவறி யாராவது அமுக்கினாலும் கம்ப்யூட்டர் தூங்கத்தான் போகும், திறந்திருந்த வேலை அழியாது.

6. கீமேப் ஃபைல் எழுதுவது

வெறும் பக்கத்தில் தொடங்காதீர்கள். யூடெவ் ஃபோல்டருக்குள் ஆர்சி_கீமேப்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது (லிப் ஃபோல்டருக்குள், சில சிஸ்டம்களில் யூஎஸ்ஆருக்குள் இருக்கும் லிப்பில்). அங்கே டாம்ல் என்று முடியும் ஃபைல்கள் நிறைய. அவற்றில் ஒன்றை, உதாரணத்துக்கு ஆர்சி6_எம்சிஇ என்பதை, ஈடிசி ஃபோல்டருக்குள் இருக்கும் ஆர்சி_கீமேப்ஸுக்கு என்ரிமோட் டாட் டாம்ல் என்ற பெயரில் நகலெடுத்துத் திருத்துங்கள். கீ பெயர்களின் எழுத்துக்கூட்டல், மேற்கோள் குறி, அடைப்புக்குறி எல்லாம் கண்முன்னே இருக்கும். அசலை அங்கேயே திருத்த வேண்டாம், அடுத்த அப்டேட்டில் உங்கள் வேலை போய்விடும்.

ஃபைலின் உருவம் இப்படி இருக்கும், உள்ளே எல்லாம் ஆங்கில எழுத்தில்:

[[புரோட்டோகால்ஸ்]]
நேம் = "என்ரிமோட்"
புரோட்டோகால் = "நெக்"
[புரோட்டோகால்ஸ்.ஸ்கேன்கோட்ஸ்]
0எக்ஸ்40 = "கீ_அப்"
0எக்ஸ்41 = "கீ_டவுன்"

நகலெடுத்த ஃபைலில் வேரியன்ட் என்று ஒரு வரி இருந்தால் அது பழைய ரிமோட்டுக்கு உரியது, எடுத்துவிடுங்கள். சோதனையில் நெக்எக்ஸ் என்று காட்டியிருந்தாலும் புரோட்டோகால் வரியில் நெக் என்றே எழுதலாம், ஒரே குடும்பம்தான். கீ பெயர்கள் மட்டும் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

அதிகம் நடக்கிற பிழைகள் மூன்று: கீ பெயருக்கு மேற்கோள் குறியை விடுவது, ஒரே ஸ்கேன்கோடை இரண்டு வரியில் எழுதுவது, எண்ணின் முன்னால் வரும் 0எக்ஸ் என்பதை மறப்பது. பழைய குறிப்புகளில் சமக்குறியே இல்லாமல் எண், இடைவெளி, கீ என்று வேறு வடிவம் பார்ப்பீர்கள். அதையும் இதையும் ஒரே ஃபைலில் கலக்காதீர்கள்.

7. தற்காலிகமாக ஏற்றிப் பாருங்கள்

சூடோ, ஐஆர்-கீடேபிள், மைனஸ் எஸ் ஆர்சி0, மைனஸ் சி, மைனஸ் டபிள்யூ, அப்புறம் ஃபைலின் முழுப் பாதை. சி பழைய அட்டவணையைத் துடைக்கும், டபிள்யூ புதியதை எழுதும், ஃபைலில் சொன்ன புரோட்டோகாலையும் அதுவே இயக்கிவிடும். சி-யை விட்டுவிட்டால் பழைய அட்டவணையின் மேலேயே புதியது ஏறும், நீங்கள் எழுதாத பொத்தான்கள் பழைய அர்த்தத்தில் தொடர்ந்து வேலை செய்து குழப்பும்.

இப்போது மறுபடி மைனஸ் டி போட்டுச் சோதியுங்கள். இந்த முறை ஸ்கேன்கோடுக்குப் பக்கத்தில் நீங்கள் கொடுத்த கீ பெயரும் வர வேண்டும். வந்தால் கர்னல் வரை சரி. அடுத்து எக்ஸ்11 என்றால் எக்ஸ்ஈவி, வேலண்ட் என்றால் டபிள்யூஈவி என்ற கருவியைத் திறந்து, அந்த ஜன்னலின் மேல் மவுஸை வைத்து அதே பொத்தான்களை அமுக்குங்கள். அங்கேயும் தெரிந்தால்தான் பிளேயரைத் தொட வேண்டும். மைனஸ் டி-யில் தெரிந்து இங்கே தெரியவில்லை என்றால் 247 எல்லையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி ஏற்றியது கர்னலின் நினைவகத்தில் மட்டும்தான் இருக்கிறது. ரிசீவரைப் பிடுங்கினாலே போய்விடும். இது நல்லதுதான், எவ்வளவு வேண்டுமானாலும் பயமில்லாமல் மாற்றிப் பார்க்கலாம். பொத்தான்கள் எல்லாம் திருப்தியாக அமைகிற வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

8. நிலையாக்குவது

ஈடிசி ஃபோல்டரில் ஆர்சி_மேப்ஸ் டாட் சிஎஃப்ஜி என்று ஒரு ஃபைல் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் மூன்று பகுதி: டிரைவர், கீமேப், ஃபைல். 2-ஆம் படியில் தாளில் எழுதிய டிரைவர் பெயரை முதலிலும், நடுவில் கீமேப் பெயர் அல்லது எதுவானாலும் சரி என்பதற்கு நட்சத்திரக் குறியையும், மூன்றாவதாக என்ரிமோட் டாட் டாம்ல் என்றும் எழுதுங்கள்.

இந்த வரியைப் பட்டியலின் மேல்பகுதியில் சேருங்கள். அதே டிரைவருக்கோ அதே கீமேப்புக்கோ பொருந்தும் வரி ஏற்கெனவே கீழே இருந்தால் அதன் முன்னால் ஹேஷ் குறி போட்டு அடக்குங்கள், இல்லையென்றால் உங்கள் அட்டவணையோடு அதுவும் மோதும்.

சரியாக எழுதினோமா என்று பார்க்க ரீபூட் தேவையில்லை. ரிசீவரைப் பிடுங்கித் திரும்பச் செருகுங்கள். சாதனம் வந்ததும், செருகும் சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் இந்த ஃபைலைப் படித்து ஏற்றிவிடும். பிறகு மைனஸ் ஆர் போட்டு இப்போது உள்ள அட்டவணையைப் படித்தால் உங்கள் கீகள் தெரிய வேண்டும். ரிசீவர் மதர்போர்டிலேயே இருந்தால் மட்டும் ரீபூட் செய்யுங்கள்.

கம்ப்யூட்டர் தொடங்கும்போது ஓடும் ஸ்கிரிப்டில் 7-ஆம் படியின் கட்டளையைப் போட்டு வைக்கிறவர்களும் உண்டு. அது ஒரே முறைதான் ஓடும், நடுவில் யூஎஸ்பி ஒருமுறை துண்டித்து இணைந்தாலும் அட்டவணை போய்விடும். யூடெவ் வழிதான் உறுதியானது.

9. ஒரு முறை அமுக்கினால் இரண்டு முறை நகர்கிறதா

எல்லாம் முடிந்த பிறகு வரும் தொல்லை இது. கீபோர்டில் விரலை எடுத்தால் எடுத்துவிட்டேன் என்ற தகவல் உடனே போகும். பெரும்பாலான ரிமோட்டுகள் அப்படி எதுவும் அனுப்புவதில்லை, சும்மா நின்றுவிடும். சிக்னல் வராமல் கொஞ்ச நேரம் ஆனதும் விரல் எடுக்கப்பட்டது என்று கர்னல்தான் முடிவு செய்கிறது. அந்தச் சின்னத் தாமதத்துக்குள் ரிப்பீட் தொடங்கிவிட்டால் ஒரு அமுக்கல் இரண்டாகிறது.

ஐஆர்-கீடேபிளில் பெரிய எழுத்து டி (D) தாமதத்தையும், பெரிய எழுத்து பி (P) ரிப்பீட் இடைவெளியையும் மாற்றும். இயல்பாக அவை 500, 125 மில்லிசெகண்ட். பலர் இவற்றை எவ்வளவு மாற்றியும் வித்தியாசமே தெரியவில்லை என்பார்கள். டெஸ்க்டாப்புகள் கர்னல் அனுப்பும் ரிப்பீட்டை ஒதுக்கிவிட்டுத் தாங்களே ரிப்பீட் செய்துகொள்கின்றன, அதனால்தான். எக்ஸ்11-இலோ வேலண்டிலோ இருந்தால் டெஸ்க்டாப்பின் கீபோர்டு செட்டிங்ஸில் ரிப்பீட் தொடங்கும் தாமதத்தைக் கூட்டுங்கள். டெஸ்க்டாப் இல்லாமல் சாதனத்தை நேரடியாகப் படிக்கும் பிளேயர்களுக்குத்தான் மேலே சொன்ன இரண்டும் பயன்படும்.

தாமதத்தைக் கூட்டியும் போகவில்லை என்றால், 3-ஆம் படியில் சொன்ன லிர்க் மறுபடி ஓடுகிறதா என்று பாருங்கள்.

10. கீபோர்டாக வரும் ரிசீவர் என்றால்

இங்கே புரோட்டோகால் வேலை எதுவும் இல்லை, ரிசீவருக்குள்ளேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. அதோடு வந்த ரிமோட்டைத் தவிர வேறு ரிமோட் பெரும்பாலும் வேலை செய்யாது, அதை மாற்ற நம்மால் முடியாது. எந்தக் கீ வருகிறது என்பதை மட்டும் மாற்றலாம்.

சூடோ ஈவ்டெஸ்ட் ஓட்டி, பட்டியலில் ரிசீவரைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அமுக்குங்கள். எம்எஸ்சி_ஸ்கேன் என்ற வரியில் வரும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் 7 என்று தொடங்கும். இப்படிப்பட்ட ரிசீவர்கள் இரண்டு மூன்று சாதனங்களாகத் தெரிவதுண்டு, ஒன்றில் அம்புக்குறிகளும் இன்னொன்றில் ஒலிப் பொத்தான்களும் வரும். ஒன்றில் வரவில்லை என்றால் மற்றதில் பாருங்கள்.

எல்எஸ்யூஎஸ்பி கட்டளையில் ரிசீவரின் வெண்டார் எண்ணும் பிராடக்ட் எண்ணும் கிடைக்கும். ஈடிசியில் யூடெவ் ஃபோல்டருக்குள் ஹெச்டபிள்யூடிபி டாட் டி என்ற ஃபோல்டரில் 90-ரிமோட் டாட் ஹெச்டபிள்யூடிபி என்று ஒரு ஃபைல் உருவாக்குங்கள். முதல் வரி: ஈவ்டெவ், முக்காற்புள்ளி, இன்புட், முக்காற்புள்ளி, பி0003 (b0003), வி (v), வெண்டார் எண், பி (p), பிராடக்ட் எண், நட்சத்திரம், நடுவே இடைவெளி இல்லாமல். எண்களில் வரும் எழுத்துகள் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும், நடுவே வரும் வி, பி சிறிய எழுத்து. அடுத்த வரிகள் ஒரு இடைவெளி விட்டுத் தொடங்க வேண்டும்: கீபோர்ட்_கீ_ என்று பெரிய எழுத்தில் எழுதி ஸ்கேன் எண், சமக்குறி, கீயின் பெயர். இந்த ஃபைலில் கீ பெயர் சிறிய எழுத்தில், முன்னால் கீ_ என்ற பகுதி இல்லாமல், வெறும் என்டர் என்று மட்டும் வர வேண்டும். டாம்ல் ஃபைலின் பழக்கத்தில் இங்கேயும் பெரிய எழுத்தில் எழுதிவிடுவதும், வரித் தொடக்கத்தின் அந்த ஒற்றை இடைவெளியை விடுவதும்தான் இந்த வழியில் சிக்குகிறவர்களின் வழக்கமான இரண்டு பிழைகள்.

சேமித்துவிட்டு சூடோ சிஸ்டம்டி-ஹெச்டபிள்யூடிபி அப்டேட் ஓட்டுங்கள், பிறகு ரிசீவரைப் பிடுங்கிச் செருகுங்கள். மறுபடி ஈவ்டெஸ்டில் பார்த்தால் புதுக் கீ வரும்.

11. ரிமோட்டாலேயே தூக்கத்திலிருந்து எழுப்ப

தூங்கப் போகிற கம்ப்யூட்டர் ரிமோட்டுக்கு எழவில்லை என்றால் கீமேப்பைத் தொடாதீர்கள். தூங்கும்போது அட்டவணை எதுவும் ஓடுவதில்லை, எழுப்புவது ரிசீவரின் வேலை. எல்லா ரிசீவராலும் அது முடியாது. யூஎஸ்பி ரிசீவர் என்றால் சிஸ் ஃபோல்டரில், அந்தச் சாதனத்துக்குரிய பவர் ஃபோல்டருக்குள் வேக்அப் என்ற ஃபைலில் எனேபிள்ட் என்று இருக்கிறதா பாருங்கள். டிஸேபிள்ட் என்று இருந்தால் மாற்றுங்கள். அந்த ஃபைலே இல்லையென்றால் அந்த ரிசீவரால் எழுப்ப முடியாது. பயாஸில் யூஎஸ்பி மூலம் எழுப்பும் வசதி அணைக்கப்பட்டிருந்தால் அதையும் திறக்க வேண்டும். தூங்கும்போது யூஎஸ்பி போர்ட்டுக்கு மின்சாரமே நிற்கிற போர்டுகளும் இருக்கின்றன, அப்படியானால் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள்.